அணைக்கு இடம் கொடுத்தவர்களின் பங்கு

சென்ற பதிவில் மின்கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அணை கட்டும்போதே அந்த ஊர்க்காரர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாகிவிட்டதே சார். அதற்கப்புறமும் மின்சாரத்தில் பங்கு தரவேண்டும் என்று எழுதுகிறீர்களே, இது என்ன நியாயம்?"

நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் இந்தப் பதிவு.

நில ஆர்ஜிதக் கோப்புகள் என் மேசை வழியாகப் பல ஆண்டுகள் போயிருக்கின்றன. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலை எப்படி நடக்கும் என்று என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும். நான்காவது பிரிவின் கீழ் அறிவிப்பு வெளியான தேதியில் அந்த நிலத்துக்கு அக்கம்பக்கத்தில் என்ன விலை என்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் விவரம் வாங்குவோம். நஞ்சையா, புஞ்சையா, கிணறு உண்டா, தென்னை எத்தனை, மாமரம் எத்தனை என்று பட்டியல் போடுவோம். கூட்டிக் கழித்து, ஆறுதல் தொகை என்று ஒரு சதவீதம் சேர்த்தால் கோப்பு முடிந்தது.

இந்தப் பட்டியலில் ஆறு வராது. தண்ணீர் எந்த உயரத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு விழுகிறது என்பதும் வராது. ஆனால் நீர்மின்சாரம் பிறப்பது அந்த உயரத்தில்தான். நெல் வயலில் அல்ல. வயலுக்கு விலை கொடுத்துவிட்டு உயரத்தைச் சும்மா எடுத்துக்கொள்கிறோம். நிலக்கரி நிலையத்துக்கு நாள்தோறும் கரி வாங்கிப் போடவேண்டும். அணைக்கு அந்தச் செலவு கிடையாது. கட்டிய கடன் அடைந்த பிறகு, இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், எழுபது எண்பது ஆண்டுகள் தண்ணீர் தானாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். அத்தனை ஆண்டு வருமானத்தில், என்றோ ஒரு நாள் ஒரே ஒருமுறை பணம் வாங்கியவருக்கு இனி ஒன்றும் இல்லை என்பது சரியா? நண்பரின் கேள்விக்கு என் எதிர்க்கேள்வி இது.

இதில் பிரான்சு நாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்த நாட்டைத் தூக்கிப் பேசுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்திருங்கள், அதே நாட்டின் இன்னொரு முகத்தையும் சொல்லப்போகிறேன்.

எங்கள் காலத்து பூகோளப் புத்தகத்தில் ரோன் ஆற்றுக்குத் தனி மரியாதை. காவிரி எங்கே பிறக்கிறது என்று தெரியாத பிள்ளைகள் ரோன் ஆற்றின் உபநதிகளை ஒப்பிப்போம். 1948-இல் இயங்கத் தொடங்கிய ழெனிசியா அணையின் படம், 1952-இல் திறந்த தொன்ழேர்-மோந்திராகோன் கால்வாய், மின் நிலையம் ஆகியவற்றின் படம் எல்லாம் இருக்கும். போரில் நொடிந்த நாடு எழுந்து நிற்கிறது என்று வாத்தியார் பெருமையோடு சொல்வார். அணைக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

1921 மே 27-ஆம் தேதி இயற்றிய சட்டம் அது. ரோன் ஆற்றை மின்சாரத்துக்காக மட்டும் கொடுக்க மாட்டோம், எடுத்துக்கொள்பவர் மூன்று வேலை செய்யவேண்டும் என்றது: மின்சாரம் எடுப்பது, படகுப் போக்குவரத்துக்கு வழி செய்வது, விவசாயத்துக்குத் தண்ணீர் தருவது. மின்சாரத்தில் வரும் லாபம் மற்ற இரண்டுக்கும் செலவாகவேண்டும். அதற்காக 1933-இல் ரோன் தேசியக் கம்பெனியை உருவாக்கினார்கள். லியோன் நகர மேயர் எதுவார் எரியோ, செனட்டர் லெயோன் பெரியே போன்றவர்கள் அதற்காகப் பாடுபட்டவர்கள். அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் யார் தெரியுமா? ஆற்றங்கரை ஊராட்சிகள், அதாவது கொம்யூன்கள், மாவட்டங்கள், ரயில்வே கம்பெனி, அத்துடன் மின்சாரத்தை வாங்கப்போகிற பாரிஸ் பகுதியும். கொடுப்பவரும் எடுப்பவரும் ஒரே மேசையில்.

கொம்யூன் என்ற சொல்லை நமக்கு விளக்கவேண்டியதில்லை. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தானே. பாகூர் கொம்யூன் ஒரு பெரிய மின் கம்பெனியில் பங்குப் பத்திரம் வைத்திருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை லாபப் பங்கு வருகிறது என்று கற்பனை செய்து பாருங்கள். ரோன் கரையில் அது கற்பனை இல்லை. இன்றும் ஏறத்தாழ 180 உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து அந்தக் கம்பெனியில் ஆறில் ஒரு பங்கு வைத்திருக்கின்றன. அரசு நிதி நிறுவனம் மூன்றில் ஒரு பங்கு. தனியார் கம்பெனிக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு. பொதுத்துறையின் கை மேலோங்கியே இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இப்போது மறுபக்கம். ஆல்ப்ஸ் மலையில் தீஞ் என்று ஒரு கிராமம். அங்கே 180 மீட்டர் உயரத்தில் அணை கட்டினார்கள். ஊர் மக்கள் வேண்டாம் என்றார்கள், வழக்குப் போட்டார்கள், வேலையைத் தடுக்கப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1952 வசந்த காலத்தில் தண்ணீர் ஏற ஏற, கலவரத் தடுப்புப் போலீசைக் கொண்டுவந்து ஊரைக் காலி செய்தார்கள். கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துப் போனார்கள். மாதா கோவிலை வெடிவைத்து இடித்தார்கள். மறு ஆண்டு குடியரசுத் தலைவரே வந்து அணையைத் திறந்து வைத்தார். பிற்காலத்தில் பரிசோதனைக்காக ஏரியை வடிக்கும்போதெல்லாம், பழைய ஊர்க்காரர்கள் வந்து சேற்றில் தங்கள் வீட்டு அஸ்திவாரத்தைத் தேடினார்கள். என் பூகோளப் புத்தகத்தில் தீஞ் கிராமத்தின் படம் இல்லை.

ஆகவே பிரான்சுக்காரன் நல்லவன், நாம் கெட்டவர்கள் என்பதல்ல கதை. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஓர் ஆற்றங்கரையில் பங்கு கொடுத்தார்கள், ஒரு மலை கிராமத்தில் போலீசை அனுப்பினார்கள். ரோன் கரைக்காரர்கள் அணை வருவதற்கு முன்பே மேயர்களாகவும் செனட்டர்களாகவும் சேர்ந்து பேரம் பேசினார்கள். தீஞ் ஊரில் இருந்தவர்கள் சில நூறு பேர்.

ரோன் உரிமம் ழெனிசியா தொடங்கியதிலிருந்து 75 ஆண்டுகளுக்கு என்பதால், 2023 கடைசியில் முடியவேண்டும். அதன் பிறகு யாருக்குக் கொடுப்பது? நீர்மின் உரிமங்களை ஏலம்போல் போட்டிக்கு விடவேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் வெகுநாளாக நெருக்கிவந்தது. அப்படி விட்டால் 1921-இல் பேசி வாங்கிய ஏற்பாடு என்ன ஆகும் என்று கரையோர ஊர்களுக்குக் கவலை. அரசாங்கம், போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் வேலைகள் தாமதமானதைக் காரணம் காட்டி 2041 வரை நீட்டிக்க யோசித்தது. அந்த யோசனையை வைத்து 2019 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

அந்த முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கூட்டத்தை நடத்துவது கம்பெனியாகவோ அமைச்சகமாகவோ இருக்கலாம், ஆனால் அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, பொது விவாதத்துக்கான தேசிய ஆணையம் தன் ஆட்களை நியமிக்கும். அவர்கள் எந்தப் பக்கமும் சேரமாட்டார்கள். யார் என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை என்று முடிவில் அறிக்கை எழுதி வெளியிடுவார்கள். அரசாங்கம் அந்த அறிக்கைக்கு, எதை ஏற்றேன், எதை ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்லவேண்டும். நம் அலுவலக மொழியில் சொன்னால், மனு வந்தது, பரிசீலிக்கப்பட்டது என்று கோப்பை மூட முடியாது.

பேசுபொருளும் முக்கியம். உரிமத்தை நீட்டித்தால் பதிலுக்கு ஆற்றுக்கும் கரைக்கும் என்ன கிடைக்கவேண்டும் என்பது அந்தக் கூட்டங்களில் பேச்சாக இருந்தது. மீன் ஏறும் வழி, பாசனம், படகுத்துறை, பழைய கிளை ஆறுகளைச் சீர்செய்வது என்று கேட்டார்கள். 2022 பிப்ரவரி 28-ஆம் தேதிச் சட்டத்தில் இவை கணக்காக வந்தன: ஐந்தாண்டுக்கு ஒருமுறை 16 கோடியே 50 லட்சம் யூரோ வரையிலான திட்டங்கள், அதற்குமேல் 50 கோடி யூரோ அளவில் கூடுதல் வேலைகள். கம்பெனி முன்பு மின்விற்பனை வருமானத்தில் 24 சதவீதத்தை அரசுக்கு உரிமத் தொகையாகக் கட்டியது. இப்போது சந்தையில் மின்சார விலை ஏறினால் சதவீதமும் ஏறும்படி மாற்றினார்கள். உக்ரைன் போரால் விலை எகிறியபோது இதன் அருமை தெரிந்தது.

கருத்துக் கேட்டதால் எல்லாருக்கும் திருப்தி என்று சொல்லமாட்டேன். சேன்-ரோமென் என்ற ஊருக்கருகே புதிதாக ஓர் அணை என்ற யோசனைக்கு அப்போதே எதிர்ப்பு இருந்தது. அதற்காகத் தனியே 2023 இறுதியில் மறுபடி கருத்துக் கேட்கவேண்டியதாயிற்று. நானும் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன்தான். கருத்துக் கேட்கும் கூட்டம் முடிவதற்குள் உத்தரவு தட்டச்சாகித் தயாராக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். எந்த நாட்டிலும் அது நடக்கும். ஆனாலும் எதைக் கேட்கிறார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது.

நம் நாட்டில் என்ன கேட்கிறார்கள்? 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரிய அணைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். முப்பது நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கை, மாவட்ட அதிகாரி தலைமை, வீடியோப் பதிவு எல்லாம் உண்டு. எழுதியிருப்பதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூட்டம் சுற்றுச்சூழலுக்கானது. காடு போகுமா, தூசி வருமா, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதுதான் கேள்வி. உங்கள் பங்கு எவ்வளவு, அதை யார் கையில் கொடுக்கவேண்டும் என்று கேட்க அங்கே இடமில்லை. அது வேறொரு இடத்தில், வேறொரு நாளில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

முடிவானது இதுதான். 2008-ஆம் ஆண்டு தேசிய நீர்மின் கொள்கைப்படி, அணை இருக்கும் மாநிலத்துக்கு 12 சதவீத மின்சாரம் இலவசம். அதற்குமேல் ஒரு சதவீதம் உள்ளூர் வளர்ச்சி நிதிக்கு, மாநிலம் தன் பங்கிலிருந்து இன்னொரு சதவீதம் சேர்க்கவேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 100 யூனிட், பத்து ஆண்டுகளுக்கு. இதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாத காலத்தைப் பார்க்கும்போது இது நல்ல முன்னேற்றம். சதவீதமாகச் சொன்னதும் புத்திசாலித்தனம். ஆனால் கணக்கைப் பாருங்கள். தலைநகரத்துக்குப் பன்னிரண்டு, பள்ளத்தாக்குக்கு ஒன்றோ இரண்டோ. வீடு இழந்தவருக்குப் பத்து ஆண்டு, அணைக்கு எழுபது ஆண்டு. அந்தப் பத்து என்ற எண்ணை எந்தக் கிராமத்தில் கூட்டம் போட்டுக் கேட்டு எழுதினார்கள்?

சதவீதம் ஏன் புத்திசாலித்தனம் என்றேனோ, அதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேனி, கம்பம் பக்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அணையின் பாதுகாப்பு பற்றிய வழக்குக்குள் நான் போகவில்லை, மின்சாரக் கணக்கை மட்டும் பார்க்கிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கீழ்முகாமில் இறக்கித் தமிழ்நாடு மின்சாரம் எடுக்கிறது. அதற்காகக் கேரளத்தோடு 1970-இல் ஓர் ஒப்பந்தம். ஒரு கிலோவாட் ஆண்டுக்கு, அதாவது 8,760 யூனிட்டுக்கு, 12 ரூபாய். ஆண்டு உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு 18 ரூபாய். பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள், யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்குதான் வரும். 35 கோடி யூனிட் எடுத்தால் மொத்தமே 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இன்று அதற்கு ஒரு சுமாரான கார் வரும். 1970-இல் இரு தரப்பும் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள், சந்தேகமில்லை. ஆனால் ரூபாயில் எழுதிய பங்கு உப்பைப்போல் கரைந்துவிடுகிறது. நமக்குச் சாதகம் என்பதால் நாம் இதைப் பேசுவதில்லை.

இன்னொன்று பக்ரா அணை. சட்லெஜ் ஆற்றில் அணை எழுந்தபோது இமாச்சலத்து பிலாஸ்பூர் ஊர் கோவிந்த் சாகர் ஏரிக்குள் போனது. கோடையில் நீர் வற்றினால் பழைய கோயில் கோபுரங்கள் இன்றும் தலைகாட்டும். 1963-இல் நேரு அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1966-இல் பஞ்சாப் மாநிலத்தைப் பிரித்தபோது சொத்துக் கணக்கு எழுந்தது. மின்சாரத்தில் இமாச்சலத்துக்கு 7.19 சதவீதம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பரில். நாற்பத்தைந்து ஆண்டு. அதுவும் மாநிலத்துக்குக் கிடைத்த தீர்ப்பு. பிலாஸ்பூரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவர்களில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் படிக்க இருந்திருப்பார்கள்?

நண்பர் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். "பங்கு பங்கு என்று கொடுத்தால் யூனிட் விலை ஏறும், கட்டப்போவது நீங்களும் நானும்தான்." உண்மைதான். புதுச்சேரியில் அணை கட்ட மலை கிடையாது. நாமே உற்பத்தி செய்வது என்று பார்த்தால் காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்று. மற்றபடி நெய்வேலி, ராமகுண்டம், கைகா, கல்பாக்கம் என்று எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. நாம் சாப்பிடுகிறவர்கள் பக்கம். நம் கட்டணத்துக்காக ஒழுங்குமுறை ஆணையம் இங்கே வந்து கருத்துக் கேட்கிறது. தொழிற்சாலைக்காரர்கள், கட்சிக்காரர்கள், என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள் எல்லாரும் போய்ப் பேசுகிறோம். விலையைப் பற்றி நம்மைக் கேட்கிறார்கள். அந்த விலைக்குள் ஊர் இழந்தவருக்கு எவ்வளவு என்று அவரையும் கேட்பதில்லை, நம்மையும் கேட்பதில்லை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி, அணை அல்ல. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விட்ட பயிர்மேல் இயந்திரம் ஏறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதும் அந்த வயலும் ஒரே கணக்கில்தான் இருக்கின்றன என்று எனக்குப் பட்டது. பாரிஸ்காரர்கள் ரோன் கரைக்காரர்களோடு ஒரே கம்பெனியில் உட்கார்ந்தார்களே, அதுபோல் நாம் யாரோடும் உட்கார்ந்ததில்லை. யூனிட்டுக்குச் சில பைசா அதிகம் என்றால் நான் கட்டத் தயார். அந்தப் பைசா எந்த ஊருக்குப் போகிறது என்று ரசீதில் தனி வரியாக எழுதட்டும்.

அந்த ஊரில் யார் கையில் கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். மாவட்ட அதிகாரி தலைமையில் குழு போட்டுக் கொடுத்தால், பணம் சமுதாயக் கூடமாகவும் சாலை வளைவாகவும் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். ரோன் கரையில் பங்கு கொம்யூன் பெயரில் இருக்கிறது, கொம்யூனுக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கிறது. தவறு செய்தால் அடுத்த தேர்தலில் இறக்கிவிடலாம். இங்கே நம் நிலைமை என்ன? 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடத்தினார்கள். அவர்கள் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகு நம் கொம்யூன்களில் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கிடையாது, அதிகாரிகள்தான் நடத்துகிறார்கள். மலையும் ஆறும் இருந்து, நாளைக்கே ஒரு மின் கம்பெனி பாகூருக்குப் பங்குப் பத்திரம் கொண்டுவந்து நீட்டினாலும், கொம்யூன் அலுவலகத்தில் அதைக் கைநீட்டி வாங்க ஊர் சார்பில் ஒருவரும் இல்லை.